நாற்றங்காலுக்கு வலை கட்டிய மாசிப் பட்டம்: ஒரு தக்காளிக் கணக்கு

இந்த மாசிப் பட்டத்தில் கால் ஏக்கர் தக்காளியை இலைச்சுருட்டை நோயிலிருந்து ஓரளவு காப்பாற்ற முடிந்தது. கோவை மாவட்டம் கிணத்துக்கடவுப் பக்கம் மாசியிலும் பங்குனியிலும் தக்காளி நட்டவர்களுக்கு இது லேசான காரியம் இல்லை என்று தெரியும். வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகும். பின்னாலேயே கொழுந்து சுருண்டு, இலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, செடி முடங்கிப்போகும். "வைரஸ் அடிச்சுருச்சுங்க" என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்த்து விடுவதுதான் வழக்கம். எது பலித்தது, எது வீண் செலவு, எவ்வளவு ஆனது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

போன வருடக் கோடைத் தக்காளியில் ஒரு விஷயம் உறுத்தியது. நாற்றுப் பண்ணையில் வாங்கி நட்ட செடி மூன்றாவது வாரத்திலேயே சுருள ஆரம்பித்தது. மருந்துக் கடையில் சொன்னதை எல்லாம் அடித்தேன். ஈ செத்தது, அதில் சந்தேகமில்லை. இலையைத் திருப்பினால் ஒன்றிரண்டுதான் தெரிந்தன. ஆனால் சுருண்ட செடிகள் மட்டும் கூடிக்கொண்டே போயின. ஈ இல்லாத தோட்டத்தில் நோய் எப்படிப் பரவுகிறது என்று குழம்பிப்போனேன். வேளாண் அலுவலர் ஒருவர் ஒரே கேள்வியில் தெளிய வைத்தார்: "வைரஸ் செடிக்குள்ள போனப்புறம் வெளியில தெரியறதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும். நீங்க நட்டது எப்போ? பின்னாடி எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தால் கணக்கு நாற்றங்காலுக்குள் போய் நின்றது. சுருண்ட செடிகளில் பாதிக்கு மேல் என் தோட்டத்துக்கு வருவதற்கு முன்போ, நட்ட முதல் சில நாட்களிலோ கடிபட்டவை. நான் மருந்து அடித்ததெல்லாம் அதற்கு அப்புறம்.

ஈ எப்படி வைரஸைக் கொண்டு போகிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவை எங்கே வைப்பது என்பதை அதுதான் முடிவு செய்தது. தக்காளிக்கு வரும் இந்த ஈ ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட முழுதாக இருக்காது. இலைக்கு அடிப்பக்கம் உட்கார்ந்து ஊசி போன்ற வாயை நரம்புக்குள் செருகிச் சாறு உறிஞ்சும். நோய்ச் செடியில் கால் மணி நேரம் உறிஞ்சினால் போதும், வைரஸ் ஏறிவிடும். அது குடலைத் தாண்டி, ரத்தம் வழியாக எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேரப் பல மணி நேரம் பிடிக்கும். சேர்ந்த பிறகு அந்த ஈ உயிரோடு இருக்கும்வரை ஆபத்துதான். நல்ல செடியில் இன்னொரு கால் மணி நேரம் உட்கார்ந்தால் எச்சிலோடு வைரஸும் இறங்கிவிடுகிறது. நாம் அடிக்கும் மருந்து அந்த ஈயைக் கொல்லலாம். ஆனால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வைரஸோடு வருகிற ஈ செத்து விழுவதற்கு முன்பே தன் வேலையை முடித்திருக்கும். இதைப் புரிந்துகொண்டதும் மருந்துச் செலவைப் பாதியாகக் குறைத்து, மீதியை வலையில் போடுவது என்று முடிவெடுத்தேன்.

நம் ஊரில் சுருண்ட எல்லாமே சுருட்டை ஆகிவிடுகிறது. நல்ல வெயிலில் அடி இலைகள் மட்டும் மேல்நோக்கிக் குழலாக மடங்கி, பச்சை மாறாமல், கொழுந்து நன்றாக வந்துகொண்டிருந்தால் அது சூட்டுக்கு மடங்குவது. கொழுந்து கருகி, இலையில் வெண்கல நிறம் ஓடினால் இலைப்பேன் கொண்டுவரும் மொட்டுக்கருகல் வைரஸாக இருக்கலாம், அதற்கும் வெள்ளை ஈக்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்து மக்காச்சோளக் காட்டில் 2,4-டி களைக்கொல்லி அடித்த சாரல் காற்றில் வந்தால் இலை நூல் நூலாக நீண்டு முறுக்கிக்கொள்ளும். வைரஸ் சுருட்டையில் புது இலைகள் சிறுத்து மேல்நோக்கிக் கிண்ணம் போலக் குவியும், ஓரமும் நரம்பிடையும் மஞ்சளாகும், கணுக்கள் நெருங்கிச் செடி புதராக நிற்கும், பூ உதிரும். இந்தியாவில் தக்காளிச் சுருட்டையைப் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை 1948-லேயே வந்துவிட்டது. அப்புறம் பெங்களூரு, புதுதில்லி, கர்நாடகா என்று ஊர்ப் பெயர் வைத்தே இதற்கு எத்தனையோ வகை கண்டுபிடித்துவிட்டார்கள். எந்த வகையானாலும் தூக்கிக்கொண்டு வருவது அதே ஈதான்.

இன்னொரு குழப்பம் எங்கள் பக்கத்துக்கே உரியது. 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் ஒரு வெள்ளை ஈ வந்து இறங்கியதே, ஓலைக்கு அடியில் வெள்ளை மெழுகைச் சுருள் சுருளாகப் பூசி, கீழ் மட்டையெல்லாம் கருப்பாக்கியதே, அது வேறு இனம். தக்காளி ஈயைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. தக்காளிக்குச் சுருட்டையைக் கொண்டுவருவது அது இல்லை. தோப்பு பக்கத்தில் இருப்பதால்தான் தக்காளி போகிறது என்று ஊரில் பாதிப் பேர் இன்னும் நம்புகிறார்கள். பார்க்க வேண்டிய இடம் கத்தரி, பழைய தக்காளி, பருத்தி, வரப்பில் நிற்கும் குப்பைமேனி, துத்தி, பார்த்தீனியம்.

சரி, வலைக்கு வருவோம். "ஈ வலை" என்று கேட்டதும் கடையில் 40 மெஷ் என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டில் எஃகு ஸ்கேலை வைத்து ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண் என்று எண்ணினேன். 32 தான் வந்தது. லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் மைக்ரோமீட்டர் வாங்கி நூலை அளந்தால் 0.2 மில்லிமீட்டர். 32 கண் என்றால் கண்ணும் நூலுமாக 0.79, நூல் போக இடைவெளி கிட்டத்தட்ட 0.6. நிஜமான 40 ஆக இருந்தாலும் 0.4க்கு மேல் வரும். ஈயின் உடம்பில் அகலமான இடம் நெஞ்சுதான், அதுவே கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 50 கண் வலையில் இடைவெளி 0.3. கணக்குப்படி அதிலும் நுழைய இடம் இருக்கிறது. ஆனால் இறக்கையை மடித்துக்கொண்டு இடுக்கில் புகுந்து வர ஈ லேசில் முனைவதில்லை.

இதைக் காகிதக் கணக்கோடு விடாமல் ஒரு பாட்டிலில் பார்த்தேன். காலையில் கத்தரி இலையைத் தட்டி இருபது முப்பது ஈக்களை ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்தேன். வாயில் வலைத்துண்டை ரப்பர் பேண்டால் இறுக்கி, பாட்டிலைக் கருப்புத் துணியால் சுற்றி, வாய்ப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி வைத்தேன். ஈ வெளிச்சத்தைத் தேடித்தான் போகும். வலைக்கு வெளியே விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை ஒன்று. கடையில் கொடுத்த வலையில் மதியத்துக்குள் பாதிக்கு மேல் அட்டைக்கு வந்துவிட்டன. 50 கண் வலையில் சாயங்காலம்வரை ஒன்றோ இரண்டோதான். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் வலை வாங்க வேண்டாம். பழைய வலையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, இப்போது கோழிக்கூண்டில் இருக்கிறது.

50 கண் வலை, வெயில் தாங்கும் ரகம், சதுர மீட்டர் 38 ரூபாய்க்குக் கோயம்புத்தூரில் கிடைத்தது. நாற்று போட 98 குழித் தட்டு 17 தேவை. அவை அடங்க மூன்று சதுர மீட்டர்கூட வேண்டாம்தான். ஆனால் உட்கார்ந்து பார்க்கவும் தண்ணீர் ஊற்றவும் ஆள் உள்ளே போக வேண்டும். அதனால் 3 மீட்டருக்கு 2 மீட்டர், 2 மீட்டர் உயரம், முன்னால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தடுப்பறை என்று அளவு போட்டேன். தடுப்பறைதான் முக்கியம். வெளிக் கதவைச் சாத்திவிட்டு, துணியை உதறி, அதற்கப்புறம்தான் உள் கதவைத் திறக்க வேண்டும். கதவு ஒன்றே ஒன்று வைத்த வலைக்கூடுகளைப் பார்த்திருக்கிறேன், ஆள் போகும்போதெல்லாம் ஈயும் கூடவே போகும். மடிப்புக்கெல்லாம் சேர்த்து 36 சதுர மீட்டர் வலை ஆனது.

சட்டத்துக்கு முதலில் ஒரு அங்குலப் பிவிசி குழாய் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரு ராத்திரி வீசியதில் மூலை முட்டிகள் கழன்று மொத்தமும் சரிந்து கிடந்தது. இந்த வலை காற்றைக் கிட்டத்தட்டத் துணி மாதிரியே வாங்குகிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன். மறுபடி எட்டுச் சவுக்குக் கம்புகளை ஒன்றரை அடி ஆழம் நட்டு, குறுக்கே மூங்கில் கட்டினேன். தையல் மிஷினில் வலையைத் தைத்தால் ஊசி போன இடமெல்லாம் கண் பெரிதாகிவிடுகிறது. அதனால் தைக்கவில்லை. இரண்டு ஓரங்களையும் சேர்த்து மரப் பட்டியில் மூன்று சுற்றுச் சுற்றி, கம்போடு வைத்து ஸ்டேப்ளர் அடித்தேன். கதவுக்கு மட்டும் கூடாரத்துக்குப் போடும் நீள ஜிப்பை டெய்லரிடம் கொடுத்து வைத்து, தையல் மேல் ஃபெவிகால் தடவினேன். அடி ஓரத்தை ஓர் அடி மண்ணுக்குள் புதைத்தாயிற்று.

இடம் பார்த்ததில் காற்றுக்கும் பங்கு உண்டு. வெள்ளை ஈக்குத் தூரம் பறக்கத் தெம்பு கிடையாது, காற்று தூக்கிக்கொண்டு போகும் பக்கம் போகும். எங்கள் பக்கம் தை, மாசியில் காற்று கிழக்கேயிருந்து, ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து. பழைய தக்காளித் தோட்டம் எனக்கு மேற்கே இருந்ததால் நாற்றங்காலைத் தோட்டத்தின் கிழக்குக் கோடியில் கட்டினேன்.

உள்ளே சூடுதான் அடுத்த தொல்லை. கண் சிறியது, காற்றோட்டம் குறைவு. மதியம் இரண்டு மணிக்கு வெளியே இருப்பதைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாகக் காட்டியது. அதற்காக 50 சதவீத நிழல் வலையைக் கூரை மேலேயே விரித்தேன். நாற்று வெளிச்சத்துக்கு ஏங்கி நூல் மாதிரி நீண்டது, ஈரமும் காயாமல் இரண்டு தட்டில் நாற்றழுகல் வந்து தண்டு அடியில் சாய்ந்தது. அதை எடுத்துவிட்டு 35 சதவீத நிழல் வலையைக் கூரைக்கு ஒன்றரை அடி மேலே தனியாக இழுத்துக் கட்டினேன். இடையில் காற்று ஓடியதும் சூடு தணிந்தது. தண்ணீரைக் காலை ஒரு வேளையாகக் குறைத்து, தென்னைநார்க் கழிவில் டிரைக்கோடெர்மா என்ற, அழுகல் நோயை அடக்கும் பூஞ்சையைக் கலந்து, செத்த தட்டுகளில் மறுபடி விதை போட்டேன். பின்னால் போட்டவை ஒரு வாரம் பிந்தித்தான் நடவுக்கு வந்தன.

ரகம் தனியார் வீரிய ஒட்டு, சுருட்டையை ஓரளவு தாங்கும் என்று உறையில் போட்டிருந்தது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் சுருட்டை, பாக்டீரியா வாடல், முன்கருகல் மூன்றையும் தாங்குவதற்கென்றே உருவாக்கிய ரகம். என் கைக்கு விதை நேரத்துக்கு வரவில்லை. தாங்கும் குணமெல்லாம் காட்டுத் தக்காளியிலிருந்து கடன் வாங்கியது. ஹரியானாவின் ஹிசாரில் உருவான எச்-24 என்ற பழைய தாய் வரிசை ஒரு காட்டு இனத்தோடு ஒட்டி வந்ததுதான், அதிலிருக்கும் மரபணு இன்று பல ஒட்டு ரகங்களில் இருக்கிறது. ஆனால் "தாங்கும்" என்றால் வைரஸ் ஏறவே ஏறாது என்று அர்த்தமில்லை. ஏறும், செடி சமாளிக்கும். அதில் உட்கார்ந்து போகும் ஈ பக்கத்தில் பி.கே.எம். 1 ரகம் நட்ட வயலுக்கு வைரஸைக் கொண்டு போகலாம். நாற்றாக இருக்கும்போதே கடிபட்டால் தாங்கும் ரகமும் திணறும்.

நாற்று வளர்ந்துகொண்டிருக்கும்போதே மேற்கே இருந்த பழைய தோட்டத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்துத் தோட்டத்து மாமாவுடையது. விலை விழுந்ததும் பறிக்காமலேயே விட்டுவிட்டார். செடியெல்லாம் சுருண்டு, தட்டினால் வெள்ளையாகப் புகை மாதிரி எழும்பியது. இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் குஞ்சுகள் நோய்ச் செடிச் சாற்றிலேயே வளர்வதால் இறக்கை முளைத்து வெளியே வரும்போதே வைரஸோடுதான் வரும்.

"மாமா, அந்தப் பழைய செடியைப் புடுங்கிப் போட்டுரலாங்களா?" என்று கேட்டேன்.

"பறிக்கற கூலிக்கே கட்டுல சாமி, புடுங்கற கூலிய ஆரு குடுக்கறது?" என்றார். நியாயம்தான்.

நாலு ஆள் கூலியில் பாதி என்னுடையது என்று பேசி முடித்தோம். 800 ரூபாய். வலைக்கூட்டை விட்டால், மொத்தச் செலவில் இதைவிடப் பலன் கொடுத்தது வேறு எதுவும் இல்லை. ஆனால் பிடுங்கும் முறையில் கவனம் வேண்டும். முதல் இரண்டு வரிசையை அப்படியே பிடுங்கிப் போட்டபோது ஈயெல்லாம் கிளம்பி வரப்புக் கத்தரிக்குப் போய் உட்கார்ந்தது. நிறுத்திவிட்டு, அன்று சாயங்காலம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து இலையடி நனைகிற மாதிரி அடித்தோம். மறுநாள் விடிந்தும் விடியாத குளிரில், ஈ சோம்பிக் கிடக்கும் நேரத்தில் மீதியைப் பிடுங்கிக் குவித்துப் பழைய பாலித்தீன் தாளால் மூடி, ஓரத்தில் மண் போட்டோம். வெயிலில் உள்ளேயே வெந்துவிட்டது. வரப்பிலிருந்த கத்தரிச் செடிகளையும் துத்தியையும் அன்றே எடுத்தாயிற்று. பிடுங்கியதற்கும் என் நடவுக்கும் நடுவில் மூன்று வாரம் விட்டேன். டொமினிகன் குடியரசில் 1990-களில் இதே ஈயும் இதன் பங்காளி வைரஸ் ஒன்றும் தக்காளித் தொழிலையே சாய்த்தபோது, வருடத்தில் மூன்று மாதம் தக்காளி உட்பட ஈ ஏறும் பயிர்களை வைக்கக் கூடாது என்று அரசே தடை போட்டு மீண்டார்கள். நம் ஊரில் அதை யார் யாரிடம் சொல்வது? வருடம் முழுக்கத் தக்காளி இருக்கும் சந்தை இது. நமக்கு முடிந்தது பக்கத்து வரப்புவரைதான்.

நடவு. 5 அடி இடைவெளியில் 16 மேட்டுப்பாத்தி, ஒவ்வொன்றும் 42 மீட்டர், ஒன்றரை அடிக்கு ஒரு செடி, பாத்திக்கு 93 செடி. எல்லாப் பாத்திக்கும் 25 மைக்ரான் வெள்ளி-கருப்பு பிளாஸ்டிக் நிலப்போர்வை, வெள்ளிப் பக்கம் மேலே. அந்தப் பளபளப்பு கீழேயிருந்து கண்ணில் அடிப்பதால் ஈ இறங்கத் தடுமாறும். செடி அகன்று போர்வையை மூடும்வரைதான் இந்தப் பலன். 14 பாத்தியில் வலைக்கூட்டு நாற்று. மேற்கு ஓரத்தில் இரண்டு பாத்திக்கு மட்டும் அதே ரகத்தை ஒரு நாற்றுப் பண்ணையில் வாங்கி நட்டேன், வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக. நடுவதற்கு முந்தின நாள் எல்லா நாற்றுக்கும் வேரில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை ஊற்றினேன், லிட்டருக்கு 0.3 மில்லி. மருந்து என்று பார்த்தால் இதுவும், பின்னால் ஒரு முறை தெளித்ததும்தான். பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்தை இந்த வருடம் தொடவில்லை. அது ஈயை ஒரு நாள் விரட்டும், ஈயைத் தின்னும் பூச்சிகளை அடியோடு கொல்லும், இரண்டு வாரத்தில் ஈ முன்பைவிடக் கூடும்.

14 பாத்தியில் ஏழுக்கு மேல்மூடி. துத்தநாகம் பூசிய 10 கேஜ் இரும்புக் கம்பியை (ஜிஐ) 1.6 மீட்டர் துண்டுகளாக வெட்டி, இருபக்கமும் 15 சென்டிமீட்டர் மண்ணில் செருகினால், 75 சென்டிமீட்டர் அகலப் பாத்தியில் 45 சென்டிமீட்டர் உயர வளைவு வரும். ஒன்றரை மீட்டருக்கு ஒன்று வீதம் 196 வளைவு, 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கம்பி. அதன் மேல் க்ராப் கவர் என்ற, பயிர் மேல் போர்த்தும் மெல்லிய வெள்ளைத் துணி, 17 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 17 கிராம்), 1.6 மீட்டர் அகலம், ஓரங்களில் 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள். கம்பி நுனியை மழுக்காமல் விட்டால் துணி கிழியும். பழைய சொட்டுநீர்க் குழாயைக் கம்பி மேல் மாட்டிய பாத்திகளில் ஒரு கிழிசல்கூட இல்லை. அடுத்த முறை எல்லாவற்றுக்கும் அதுதான். பூ எடுக்கத் தொடங்கியதும் மூடியை எடுத்துவிட்டேன். தக்காளிக்குத் தேனீ அவசியம் இல்லை, ஆனால் காற்றோ வண்டோ பூவை அசைக்க வேண்டும், தவிர செடியும் அதற்குள் மூடியை முட்டிவிடுகிறது.

மஞ்சள் ஒட்டட்டை கால் ஏக்கருக்கு ஐந்து, செடி உயரத்துக்கே. அது ஈயைத் தீர்க்கும் என்று நம்பி வைக்கவில்லை, ஈ எப்போது எந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறது என்று தெரிய வைத்தேன். மேற்கு அட்டையில் ஈ திடீரென்று கூடிய வாரத்தில்தான் அந்த ஒரு தெளிப்பு.

நட்ட முதல் மாதம் முழுக்க விடியற்காலையில் ஒரு சுற்று. சுருண்ட செடியைக் கண்டால் முதலில் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டி வாயைப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் வேரோடு பிடுங்குவது. வெறுங்கையால் பிடுங்கினால் உட்கார்ந்திருக்கும் ஈ அடுத்த செடிக்குப் போகும். மூடியிட்ட பாத்திகளில் இந்தச் சுற்று கஷ்டம், ஒரு பக்கம் தூக்கித்தான் பார்க்க வேண்டும். காய் பிடித்த பிறகு சுருண்டவற்றைப் பிடுங்கவில்லை. பிந்தி ஏறிய வைரஸ் மேல் கொழுந்தைத்தான் கெடுக்கிறது, அடிக் கொத்துகள் தேறிவிடுகின்றன.

நாற்பத்தைந்து நாள் வாக்கில் பார்த்தபோது, வாங்கிய நாற்றுப் பாத்திகளில் பாதிச் செடி போயிருந்தது. மேற்கு ஓரம் என்பதால் அவற்றுக்குக் கூடுதல் அடி என்று ஒருவர் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மூன்று வாரத்துக்குள்ளேயே சுருண்டவை, அதை ஓரத்தின் தலையில் கட்ட முடியாது. வலைக்கூட்டு நாற்று, மூடி இல்லாத பாத்திகளில் எட்டுக்கு ஒன்று என்ற அளவு. மூடியிட்ட பாத்திகளில் பாத்திக்கு நாலைந்து செடி. மூடியை எடுத்த பிறகு அங்கேயும் சுருட்டை வந்தது, ஆனால் இரண்டு மூன்று கொத்து காய் பிடித்த பின்தான். நிலப்போர்வைக்கு இதில் எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது, எல்லாப் பாத்திக்கும் போட்டுவிட்டேன்.

15 கிலோ பெட்டிக் கணக்கில், மூடியிட்ட பாத்தி சராசரி 18 பெட்டி, மூடாதது 15, வாங்கிய நாற்று 7.

வலைக்கூட்டுக்கு ஆனது: வலை 1,368, சவுக்கு 480, மரப் பட்டியும் ஸ்டேப்ளரும் 420, ஜிப்பும் டெய்லர் கூலியும் 300, நிழல் வலை 250, தட்டு 374, தென்னைநார்க் கழிவு 160. ஆக 3,352 ரூபாய். சரிந்து போன பிவிசி குழாயையும் முதலில் வாங்கிய வலையையும் இதில் சேர்க்கவில்லை. எதிரே பார்த்தால், மூடாத பாத்தியில்கூட வாங்கிய நாற்றைவிடப் பாத்திக்கு எட்டுப் பெட்டி கூடுதல், 14 பாத்திக்கு 112 பெட்டி. பெட்டி சராசரி 180 ரூபாய்க்குத்தான் போனது, அப்படிப் பார்த்தாலும் 20,000 ரூபாய். நாற்று வாங்கும் காசு 1,300 ரூபாய் மிச்சம் வேறு. கூடு இன்னும் மூன்று நான்கு வருடம் நிற்கும்.

மேல்மூடியின் கணக்கு அவ்வளவு சுகமாக இல்லை. கம்பி 1,940, துணி 1,900, போட எடுக்கக் கூலி தனி. கிடைத்த கூடுதல் 21 பெட்டி, 3,780 ரூபாய். கூலியைச் சேர்த்தால் கையைக் கடித்தது. பெட்டி 400 விற்கிற வருடமாக இருந்தால் பேச்சே வேறு. கம்பி பல வருடம் வரும், துணி பார்த்து எடுத்தால் இன்னொரு பட்டம் தாங்கும், அதனால் இரண்டாவது பட்டத்தில் சமன் ஆகலாம். கையில் காசு குறைவு என்றால் முதலில் நாற்றங்கால் வலை, அடுத்து பக்கத்துப் பழைய தோட்டத்தைப் பிடுங்கும் கூலி, மிச்சம் இருந்தால் நிலப்போர்வை. மேல்மூடி கடைசிதான்.

அடுத்த முறைக்குச் சில மாற்றங்கள். தடுப்பறையின் இரண்டு ஜிப்பும் நேருக்கு நேர் இருப்பதால் அவசரத்தில் இரண்டையும் சேர்த்துத் திறந்துவிடுகிறோம், உள் கதவைப் பக்கவாட்டுக்கு மாற்ற வேண்டும். ஆடிப் பட்டத்தில் காற்று மேற்கேயிருந்து அடிக்கும். அதற்கு மேற்கு ஓரம் முழுக்க மூன்று வரிசை மக்காச்சோளம், நடவுக்கு இருபது நாள் முன்பே நெருக்கி விதைக்கப் போகிறேன், கொஞ்சம் உயரம் வராமல் அது தடுப்பாக நிற்காது. மாமாவும் தன் 3,000 நாற்றை இதே கூட்டில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதற்கு இந்த அளவு பத்தாது, கூட்டை 4 மீட்டருக்கு 3 மீட்டர் என்று நீட்ட வேண்டும். கூடுதல் வலைக்கான காசை அவர் கொடுத்துவிட்டார். வந்த வலையில் அங்குலத்துக்கு எத்தனை கண் என்று எண்ணிவிட்டேன், 50 இருக்கிறது.